பஸ் பாஸில் இரண்டு ‘ப’

“மக்களே, பஸ் பாஸ் எடுத்தாச்சா?”

நாகர்கோவில் பக்கத்துப் பிள்ளைகள் யாரும் இதைத் தப்பாகச் சொல்ல மாட்டார்கள். பஸ் என்று வாயெடுக்கும்போதே தொண்டை அதிரும், பாஸுக்கு அதிராது. எழுதினால் மட்டும் இரண்டுக்கும் ஒரே ‘ப’. ஆங்கில வகுப்பில் “நம்ம பிள்ளேளுக்கு அந்த ஒலி வராது” என்று அலுத்துக்கொள்கிறவர்கள் இதைக் கவனித்ததில்லை போலும். ஒலி வாயில் ஏற்கெனவே இருக்கிறது. காதுதான் அதைக் கணக்கில் எடுப்பதில்லை. ஆங்கில வகுப்பில் அந்தக் காதைப் பழக்குவது எப்படி என்பதுதான் இங்கே பேச்சு.

காரணம் தமிழிலேயே இருக்கிறது. ‘தம்பி’யில் ம்-க்குப் பிறகு வரும் ப தானாக அதிரும், ‘அப்பம்’ இரட்டிப்பதால் அதிராது. இடம் பார்த்து ஒலி மாறிக்கொள்வதால் தனியே கேட்டுப் பிரிக்க வேண்டிய வேலை காதுக்கு அதிகம் இல்லை. விளவங்கோடு, கல்குளம் பக்கம் மலையாளம் வாசிக்கத் தெரிந்த பிள்ளைகளுக்குப் பாதி வேலை மிச்சம். அதில் இரண்டு ஒலிக்கும் தனித்தனி எழுத்து உண்டு.

ஆகவே முதலில் நிறுத்த வேண்டியது, பாடப்புத்தகத்தில் ஆங்கிலச் சொல்லுக்கு மேலே பென்சிலால் தமிழில் எழுதிவைக்கும் பழக்கம். குண்டூசியும் ‘பின்’, குப்பைத்தொட்டியும் ‘பின்’. கண் ஒன்று என்று சொன்னபிறகு காது எப்படி இரண்டு என்று சொல்லும்? எழுத்துக்குப் பதில் படம் வரைந்த அட்டை போதும்: பட்டாணி–தேனீ (pea–bee), பேரிக்காய்–கரடி (pear–bear), குண்டூசி–குப்பைத்தொட்டி (pin–bin), இழு–காளை (pull–bull). படம் பார்த்து ஆங்கிலச் சொல்லைச் சொல்ல வேண்டும். நான்கு ஜோடியிலும் முதலாவது ‘பாஸ் ஒலி’, இரண்டாவது ‘பஸ் ஒலி’. வகுப்பிலும் இந்தப் பெயர்களையே வைத்துக்கொள்ளலாம்.

சொல்லவைப்பதற்கு முன் கேட்கவைக்க வேண்டும். ஆசிரியர் ஒரு சொல்லைச் சொல்ல, பாஸ் ஒலி என்றால் ஒரு விரல், பஸ் ஒலி என்றால் இரண்டு விரல். பக்கத்துப் பையனைப் பார்த்துத் தூக்காமல் இருக்க எல்லோரும் கண்ணை மூடிக்கொள்ளட்டும். பத்துச் சொல்லில் ஐந்து சரி என்றால் அது பூவா தலையா போட்ட கணக்கு. குறைந்தது ஒன்பது சரியாக வந்தால்தான் அடுத்த ஜோடிக்குப் போகலாம்.

இதில் ஆசிரியர்கள் அறியாமல் செய்யும் ஒரு தப்பு: ஜோடியாகச் சொல்லும்போது எப்போதும் பாஸ் ஒலியை முதலில் சொல்லி, இரண்டாவதில் குரலை இறக்குவது. பிள்ளைகள் ராகத்தைப் பிடித்துக்கொண்டு சரியாகச் சொல்லிவிடுவார்கள், ஒலியைக் கேட்டிருக்கவே மாட்டார்கள். வரிசையை முன்கூட்டியே தாளில் கலைத்து எழுதிக்கொண்டு, ஒவ்வொரு சொல்லையும் ஒரே குரலில் சொல்ல வேண்டும்.

வாய்க்கு வந்தால், காகிதச் சோதனை. செய்தித்தாளில் 2 செ.மீ. அகலத்துக்கு ஒரு கீற்றுக் கிழித்து, உதட்டிலிருந்து 5 செ.மீ. தள்ளித் தொங்கவிடுங்கள். ஃபேனை நிறுத்தியாக வேண்டும். ஆங்கிலேயர் சொல்லும் பட்டாணிக்குக் கீற்று துள்ளும், தேனீக்கு ஏறக்குறைய அசையாது. நம் ‘பால்’, ‘பாய்’ எதற்கும் துள்ளாது. நம்மவர் மூச்சில்லாமல் பட்டாணி என்று சொன்னால் வெள்ளைக்காரர் காதில் தேனீயாக விழுவது இதனால்தான். நர்சிங் முடித்து வெளிநாட்டுக்குப் போகிறவர்கள் இதை ஒரு வாரமாவது பழக வேண்டும். ஆனால் ‘ஸ்பூன்’ மாதிரி ஸ்-க்குப் பின்னால் வரும்போது அந்த மூச்சு இல்லை; அங்கேயும் ஊதினால் கேலிக்கூத்து.

அதிரும் ஒலியும் அதிராத ஒலியும் சொல்லின் கடைசியில் வந்தால் கதை வேறு. பனிக்கட்டியும் ‘ஐஸ்’, கண்களும் ‘ஐஸ்’. இங்கே கடைசி ஒலியை விட அதற்கு முன்னுள்ள உயிரொலியை நீட்டுவதுதான் பெரிய துப்பு: பனிக்கட்டிக்குச் சட்டென்று வெட்டு, கண்களுக்கு நன்றாக இழு. கடைசியில் அதிர்வு வருகிறதா என்று பார்க்க இரண்டு காதையும் உள்ளங்கையால் பொத்திக்கொண்டு சொல்லச் சொல்லுங்கள். பாம்புச் சீறலாக இருந்தால் பனிக்கட்டி. ரப்பர் தோட்டத்துத் தேனீப்பெட்டியில் காதை வைத்த மாதிரி மண்டைக்குள் ரீங்கரித்தால் கண்கள்.

‘ஷேர்’, ‘சேர்’ குழப்பத்துக்கு ஒரே சோதனை: முதல் ஒலியை மூன்று வினாடி பிடித்து நிற்க முடிகிறதா? முடிந்தால் பகிர்வது, முடியாவிட்டால் நாற்காலி. இங்கே ‘ச்சோறு’ என்று அழுத்திச் சொல்கிறவர்களுக்கு நாற்காலியில் சிக்கலே இல்லை. ‘தேங்க்ஸ்’, ‘திஸ்’ மாதிரி நாக்கைப் பல்லுக்கிடையில் நீட்டும் ஒலிகளுக்கு இப்போதே மெனக்கெட வேண்டாம் என்பேன்; நம் ‘த’வே பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும்.

கடைசியாக ‘ஃபன்’, ‘சன்’. இரண்டின் முதல் ஒலிக்கும் அடையாளம் மேல்சுருதியில் இருக்கிறது. பழைய தொலைபேசி இணைப்பு 3400 ஹெர்ட்ஸோடு நறுக்கிவிடுவதால் போனில் இரண்டும் ஒன்றுபோலக் கேட்கும். தகரக் கூரையில் மழை அடித்தாலும் அதே கதி. நமக்கோ ஆனியிலும் மழை, ஐப்பசியிலும் மழை. அந்த மாதிரி நாளில் இந்த ஜோடியைத் தள்ளிவைத்துவிட்டு ‘வெஸ்ட்’ எடுங்கள்: பனியனுக்கு மேல்பல் கீழுதட்டைத் தொடும், மேற்குத் திசைக்கு உதடு குவியும். மழை இரைச்சலிலும் கடைசி பெஞ்சுக்குத் தெரியும்.