4 கிலோ ட்ரைபாடும் 20 கொண்டை ஊசி வளைவும்

ஏற்காட்டுக்குப் படம் எடுக்கப் போகிறவர்களில் இரண்டு வகை உண்டு. ஒன்றரைக் கிலோ டிராவல் ட்ரைபாடை, அதாவது கேமராவை நிறுத்தும் லேசான முக்காலியைக் கொண்டுபோய், பகோடா பாயிண்டில் காற்று வீசும்போது அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிற்பவர்கள் ஒரு வகை. ஹெட்டோடு (கேமராவை மாட்டும் தலைப்பகுதி) சேர்த்து 4 கிலோ வரும் நல்ல அலுமினிய ட்ரைபாடை வீட்டுப் பரணிலேயே விட்டுவிட்டு வருபவர்கள் இன்னொரு வகை. இந்தப் பதிவு இரண்டாமவர்களுக்கு: அந்தக் கனமான ட்ரைபாடைத் தோள் வலிக்காமல் மலைக்குக் கொண்டுபோவது எப்படி என்று.

சேர்வராயன் கோயில் மேடு மாதிரி திறந்த வெளியில் கனமான ட்ரைபாடின் வேலையை லேசானது செய்யாது. ட்ரைபாடின் நடுக்கம்பிக்கு அடியிலுள்ள கொக்கியில் பையைத் தொங்கவிட்டால் சரியாகிவிடும் என்பார்கள். பை காற்றில் ஊசலாடினால் ட்ரைபாடும் சேர்ந்து ஆடும். பையின் அடி தரையில் லேசாகப் பட்டுக்கொண்டிருந்தால் ஓரளவு பலன் கிடைக்கும், அவ்வளவுதான்.

4 கிலோ அரிசிப் பையை யாரும் புலம்பாமல் கடையிலிருந்து தூக்கி வருகிறோம். ட்ரைபாடில் நம்மை வாட்டுவது எடை இல்லை. உருண்டைக் குழாய் நேராகத் தோள் எலும்பில் உட்காருகிறது, கனமெல்லாம் ஹெட் இருக்கும் முனையில் குவிந்திருக்கிறது, நடக்க நடக்க ஆடுகிறது. இந்த மூன்றையும் சரிசெய்யத் தேவையானதெல்லாம் ஏசி சாமான் கடையிலும் பஞ்சர் கடையிலும் பை தைக்கும் கடையிலும் கிடைக்கும்.

முதலில் கால்களுக்கு உறை. ஏசி மெக்கானிக்குகள் செம்புக் குழாய்க்கு மேல் மாட்டும் கறுப்பு இன்சுலேஷன் ட்யூப்தான் இதற்கு ஏற்றது. அதன் நுரைக் கண்கள் மூடியவை, அதனால் தண்ணீரை உறிஞ்சாது. மெத்தைக் கடை ஸ்பாஞ்சைச் சுற்றினால் ஒரு காலைப் பனிக்கே ஈரத்தைக் குடித்துவிட்டு நாள் முழுக்கக் காயாமல் கிடக்கும். காலின் மேல் குழாயைச் சுற்றி நூல் வைத்து அளந்து 3.14-ஆல் வகுத்தால் விட்டம் தெரிந்துவிடும். சுற்றளவு 10 செ.மீ. என்றால் விட்டம் 32 மி.மீ. அதைவிட ஒரு சைஸ் சின்னதாக, 28 மி.மீ. உள்விட்டமும் 9 மி.மீ. தடிமனும் உள்ள ட்யூபாகக் கேளுங்கள். காலுக்கு 35 முதல் 40 செ.மீ. வீதம் மொத்தம் ஒன்றேகால் மீட்டர் போதும்.

புது பிளேடு போட்ட கட்டரால் ட்யூபை நீளவாக்கில் கீறுங்கள். மழுங்கிய பிளேடு ஃபோமைப் பிய்த்துவிடும். கீறிய பிறகு இரண்டு ஓரங்களையும் சீவி, இரண்டு விரல் அகலத்துக்கு இடைவெளி விடுங்கள். மூன்று கால்களும் ஒன்றையொன்று பார்க்கிற உட்பக்கமாக அந்த இடைவெளி வர வேண்டும். பலரும் கோட்டை விடுவது இங்கேதான். காலை முழுக்கச் சுற்றி மூடினால், அல்லது தடிமனாக இருக்கட்டும் என்று 13 மி.மீ. வாங்கிப் போட்டால், மடக்கும்போது மூன்று ஃபோமும் நடுவில் முட்டிக்கொள்ளும். கால்கள் ஒன்றுசேராது. சேர்த்து இறுக்கிக் கட்டினால் அந்த அழுத்தம் மேலே கீல் போல்ட்டில் போய் விழும். தோளில் படுவது வெளிப்பக்கம் மட்டும்தான், அங்கே ஃபோம் இருந்தால் போதும்.

உறை மேல் குழாயோடு நிற்கட்டும். கீழ்க் குழாய்கள் அதற்குள்தான் போய்ப் பதுங்க வேண்டும். கால் விரியும் கோணத்தை மாற்றும் நெம்புகோலுக்குக் கீழே 2 செ.மீ., கீழ்க் குழாயைப் பிடித்து நிறுத்தும் முதல் லாக்குக்கு மேலே 2 செ.மீ. வெறுமையாக விடுங்கள், விரல் போக இடம் வேண்டாமா?

ஃபோமைப் பிடித்து நிறுத்த இன்சுலேஷன் டேப் வேண்டாம். சேலத்தில் சித்திரை வெயிலில் வண்டிக்குள் அரை நாள் கிடந்தாலே டேப்பின் பசை இளகி வழிந்து கையெல்லாம் பிசுபிசுக்கும். பஞ்சர் கடையில் பழைய பைக் ட்யூப் ஒன்று வாங்கி, 2 செ.மீ. அகல வளையங்களாக வெட்டுங்கள். காலுக்கு மூன்று வளையம்: மேலே ஒன்று, கீழே ஒன்று, நடுவில் ஒன்று. பாத முனையிலிருந்து இழுத்து ஏற்றினால் லாக்கைத் தாண்டி வந்துவிடும். சைக்கிள் ட்யூபிலும் வளையம் வெட்டலாம்தான், ஆனால் அது ஒடுக்கம், ஃபோமை நசுக்கிவிடும். இந்த உறைக்கு இன்னொரு பயனும் உண்டு: மார்கழிக் காலையில் ஏற்காடு ஏரிக்கரையில் வெறும் அலுமினியத்தைத் தொட்டால் கை விறைக்கும், ஃபோம் மேல் பிடித்தால் விறைக்காது.

அடுத்தது தோள்பட்டி. ட்ரைபாடை மடக்கி, கட்டிய கயிறு ஒன்றின்மேல் படுக்கவைத்து எந்த இடத்தில் சமமாக நிற்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் ஹெட் பக்கமிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் இருக்கும். பட்டியின் இரண்டு முனைகளும் அந்தப் புள்ளிக்கு இருபுறமும் விழ வேண்டும். பட்டியின் இரண்டு முனையையும் புள்ளிக்குக் கீழேயே, கால் பக்கமாகவே கட்டிவிட்டால், குனிந்த கணமே ஹெட் கவிழ்ந்து தொங்கும். ஆகவே மேல் கண்ணி, கால்கள் வந்து சேரும் கீலுக்கு நேர் கீழே. கீழ்க் கண்ணி, மூன்று கால்களையும் சேர்த்துப் பிடித்தபடி, அடி லாக்குக்குச் சற்று மேலே. லாக் மேலேயே கட்டினால் ஃப்ளிப் லாக் (நெம்பித் திறக்கும் வகை) தானாகத் திறந்துகொண்டு, நடுவழியில் கால் சரேலென்று இறங்கும்.

பட்டிக்கு ஒன்றரை அங்குல அகல நாடா, 2 மீட்டர். நைலானைவிட பாலியஸ்டர் மேல், ஏனென்றால் நைலான் நனைந்தால் நீளும். பிளாஸ்டிக் போல் மினுமினுக்கும் பாலிப்ரொப்பிலீன் நாடா விலை மலிவு, ஆனால் தோளில் வழுக்கும், வெயிலில் நாளடைவில் இற்றுப்போகும். பை தைக்கும் கடையில் கொடுத்து கண்ணிகளில் சதுரமும் அதற்குள் பெருக்கல் குறியுமாகத் தைக்கச் சொல்லுங்கள். ஒற்றைத் தையல் இந்தக் கனத்தைத் தாங்காது. வெட்டிய முனையை லைட்டரில் காட்டி உருக்கிவிட்டால் பிரியாது. நீளத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு அட்ஜஸ்டர் பக்கிள் போட்டுக்கொள்ளுங்கள். தோள் பேடு இல்லாவிட்டால் நாலாக மடித்த ஒரு துண்டு போதும், பிறகு ட்ரைபாடைத் துடைக்கவும் அதுவே ஆகும்.

கிள்ளியூர் அருவிக்கு இறங்கும்போது பட்டியை நன்றாகக் குறுக்கி, ட்ரைபாடின் அடி முனை இடுப்புக்கு மேலேயே நிற்கும்படி முதுகில் குறுக்காக மாட்டுங்கள். தாழத் தொங்கவிட்டால் ஒவ்வொரு படியிலும் பின்னாலிருந்து படியில் இடித்து ஆளை முன்னால் தள்ளும், அதுவும் வழுக்குகிற படியில். ஆட்டத்தை அடக்க, கீழ்க் கண்ணியிலிருந்து ஒரு சின்னக் கயிற்றை பேன்ட் பெல்ட்டோடு முடிந்துவிடுங்கள். கேமராவை மாட்டியபடியே ட்ரைபாடைத் தோளில் சாய்த்துக்கொண்டு நடப்பது பார்க்க அழகு. ஆனால் அந்த மொத்தக் கனத்தையும் தாங்குவது கால் அங்குலத் திருகு ஒன்று, நடை அதிர்வில் அது மெல்ல மெல்லக் கழலும்.

முதுகுப்பை உள்ளவர்கள் பக்கவாட்டு வலைப் பையில் பாதங்களைச் செருகி, மேலே பட்டியால் இறுக்குகிறார்கள். செய்யலாம், ஆனால் எதிர்ப் பக்கம் 2 லிட்டர் தண்ணீரும் பெரிய லென்ஸும் இருக்க வேண்டும். இல்லையென்றால் ஒரு மணி நேரத்தில் ஒரு பக்க இடுப்பு கேள்வி கேட்கும். பையின் முதுகு நடுவில் கட்ட முடிந்தால் அதுவே சிறந்தது. காப்பித் தோட்டப் பாதைகளில் தலைக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் ஹெட் சில்வர் ஓக் கிளையிலும் மிளகுக் கொடியிலும் மாட்டும், அங்கே ஹெட்டைக் கழற்றிப் பைக்குள் வைப்பதுதான் புத்தி.

பைக்கில் மலை ஏறுபவர்களுக்கு: சீட்டில் குறுக்காக மட்டும் கட்டாதீர்கள். கொண்டை ஊசி வளைவில் எதிரே பஸ் வரும்போது நமக்குக் கிடைப்பது கொஞ்ச இடம், அதில் இரண்டு பக்கமும் குழாய் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. முதுகில் மாட்டினால் ஹெட்டைக் கழற்றிவிட்டு, பாதங்கள் மேலேயும் கனமான முனை கீழேயுமாகத் திருப்பி, அந்த முனை சீட்டில் பட்டு நிற்கும் அளவுக்குப் பட்டியைத் தளர்த்துங்கள். எடையைச் சீட் வாங்கிக்கொள்ளும், தோளுக்கு வேலையில்லை. ஹெட் மேலே இருந்தால் வளைவில் தலையை நிமிர்த்தும்போதெல்லாம் ஹெல்மெட்டின் பின்பக்கம் இடிக்கும்.

பஸ்ஸில் என்றால் மேல் ரேக் வேண்டாம், வளைவுக்கு வளைவு உருண்டு எதிர் சீட்காரர் தலையில் விழும். முழங்கால்களுக்கு நடுவே நிறுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள்.

மேலே போய்ச் சேர்ந்ததும் கீல் போல்ட், ஹெட்டின் அடித் திருகு, கேமராவின் அடியில் மாட்டும் பிளேட்டின் திருகு ஆகிய மூன்றையும் ஒருமுறை திருகிப் பாருங்கள். உங்கள் ட்ரைபாடுக்குப் பொருந்தும் ஆலன் கீயை ட்யூப் வளையத்துக்கு அடியிலேயே செருகி வைக்கலாம். அடிக்கடி கழலும் கீல் போல்ட்டுக்கு நீல நிற த்ரெட் லாக்கர் (திருகு கழலாமல் பிடித்துவைக்கும் பசை) ஒரு சொட்டு. சிவப்பு வேண்டாம், அதைப் பிறகு சூடு காட்டாமல் கழற்ற முடியாது.

இனி மண். சேர்வராயன் மலை பாக்சைட் மலை. அலுமினியத் தாது நிறைந்த அந்தச் செம்மண், அலுமினியக் காலுக்குள் புகுந்து அதையே அராவுவதைப் பார்க்கும்போது வேடிக்கையாகத்தான் இருக்கிறது. சேற்றில் நிறுத்தும்போது அடியிலுள்ள மெல்லிய குழாயை முழுக்க நீட்டிவிட்டு, மேல் குழாய்களைத் தேவைக்கு ஏற்ப இழுங்கள். அப்போது கடைசி லாக் சேற்றுக்கு மேலே நிற்கும். துடைக்காமல் மடக்காதீர்கள். மடக்கினால் மண்ணும் ஈரமும் குழாய்க்குள் போய்விடும். சுமார் 1,500 மீட்டர் உயரக் குளிரிலிருந்து சேலத்து வெக்கைக்கு இறங்கினால் குளிர்ந்த உலோகத்தில் தானாகவே நீர் பூக்கும். அதனால் வீட்டுக்கு வந்ததும் எல்லாக் கால்களையும் நீட்டி, ஓரிரவு நிழலில் நிறுத்திவைக்க வேண்டும்.

திருகும்போது நறநறவென்றால் ட்விஸ்ட் லாக்கை (திருகித் திறக்கும் வகை) திறக்கும் நேரம் வந்துவிட்டது. ஒரு நேரத்தில் ஒரே ஒரு கால். காலர் வளையத்தை முழுக்கத் திருகிக் கழற்றி உள்குழாயை உருவினால், அதன் நுனியில் இரண்டு அரைவட்ட பிளாஸ்டிக் துண்டுகள் தெரியும். அவற்றின் சின்னக் குமிழ்கள் எந்தத் துளையில் உட்கார்ந்திருந்தன என்று போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் சோப்புத் தண்ணீரில் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்து, முழுக்கக் காயவிடுங்கள். கிரீஸ் காலரின் திருகுப் புரிகளில் மட்டும், மெல்லிய படலமாக. பிளாஸ்டிக் துண்டில் கிரீஸ் பட்டால் உராய்வு போய், எவ்வளவு இறுக்கினாலும் கால் வழுக்கி இறங்கும். தேங்காய் எண்ணெய் தடவும் பழக்கத்தை விட்டுவிடுங்கள், அது தூசியைப் பிடித்து மையாக்கும். ஃப்ளிப் லாக்கில் இத்தனை வேலை இல்லை. பிரஷ்ஷால் துடைத்து, தளர்ந்திருந்தால் நட்டைக் கால்வாசிச் சுற்று இறுக்கினால் சரி.

பாதத்து ரப்பர் தொலைந்துபோனால் கம்பெனி பாகத்துக்காக வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டியதில்லை. சர்ஜிக்கல் கடையில் கைத்தடிக்குப் போடும் ரப்பர் புஷ் பல அளவுகளில் இருக்கும். அடிக்குழாயின் விட்டத்தை அளந்துகொண்டு போங்கள், அதைவிட ஒரு மி.மீ. இறுக்கமானதாக வாங்குங்கள், மூன்று காலுக்கும் சேர்த்தே மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் அந்தக் கால் உயரத்தில் வேறுபட்டு, ஒவ்வொரு முறையும் மட்டம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டிவரும்.