கசடை ஓம்புதல்

கழிவுநீர்ப் பொறியியலில் இருப்பவர் திருமந்திரத்தைப் புரட்டினால் ‘உடம்பினை முன்னம் இழுக்கென்று இருந்தேன்’ என்ற பாட்டில் நின்றுவிடுவார். இழுக்கு என்று தொடங்கும் அது ‘ஓம்புகின்றேனே’ என்று முடிகிறது. ஊட்டியில் ஜனவரிப் பனியில் ஒரு விடுதியின் எஸ்டிபியை, அதாவது கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தை, ஓட்டுவதும் ஏறக்குறைய இந்தப் பாதைதான்.

ஏரேஷன் டேங்க் என்னும் காற்றூட்டும் தொட்டியின் பழுப்புச் சேறுதான் கசடு; சாக்கடையைத் தின்று சுத்தமாக்கும் பாக்டீரியாக் கூட்டம் அது. அதை அழுக்கு என்று பார்ப்பவர் வாரம் தவறாமல் வெளியே தள்ளுவார். 1914-இல் மான்செஸ்டரில் ஆர்டனும் லாக்கெட்டும் செய்தது நேர் எதிர். படிந்த கசடைக் கொட்டாமல் வைத்து, அதன்மேலேயே புதுச் சாக்கடையை விட்டுக் காற்றூட்டினார்கள். வாரக்கணக்கில் ஆன சுத்திகரிப்பு ஒரு நாளுக்குள் அடங்கியது.

குளிரில் முதலில் சோர்வது அமோனியாவைத் தின்னும் பாக்டீரியா. தண்ணீர் 20 டிகிரியில் இருந்தால் கசடுக்கு 8-10 நாள் வயது, அதாவது தொட்டியில் அது சராசரியாகத் தங்கும் காலம், போதும். 10 டிகிரிக்கு இறங்கினால் 15-20 நாள் வேண்டும். எனவே நவம்பரிலேயே கசடு வெளியேற்றத்தைக் குறைத்து, எம்எல்எஸ்எஸ்ஸை (தொட்டி நீரில் மிதக்கும் கசடின் அளவு) லிட்டருக்கு 3000 மில்லிகிராமிலிருந்து 4000 வரை ஏற்றிக்கொள்வது நல்லது. பனி விழுந்தபின் ஏற்றப் பார்த்தால் ஏறாது. ஊட்டியின் 2,240 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிடக் கால் பங்கு குறைவு. சமவெளிக் கணக்கில் வாங்கிய ப்ளோயர் (தொட்டிக்குக் காற்றை ஊதும் இயந்திரம்) அங்கே திணறும். கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 2 மில்லிகிராமாவது இருக்கிறதா என்று மீட்டர் வைத்துத்தான் பார்க்க வேண்டும். குமிழி நிறைய வருகிறதே என்று நம்பக்கூடாது.

பலரும் கவனிக்காதது காரத்தன்மை. 1 கிராம் அமோனியா நைட்ரஜன் நைட்ரேட்டாக மாற, கால்சியம் கார்பனேட் கணக்கில் 7.14 கிராம் காரத்தன்மை செலவாகும். லிட்டருக்கு 30 மில்லிகிராம் மாற வேண்டுமானால் 214 மில்லிகிராம். மலைத் தண்ணீர் காரத்தன்மை குறைந்த மென்னீர், அதற்கு ஈடுகொடுக்காது. பிஎச் 6.5-க்குக் கீழே போனதும் வேலை மந்தமாகும். குளிரைத் திட்டிக்கொண்டிருக்காமல் சோடா உப்பைக் கரைத்து ஊற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

கசடு எப்படிப் படிகிறது என்று அறிய, தினமும் தொட்டி நீரை ஒரு லிட்டர் ஜாரில் 30 நிமிடம் படியவிட்டுப் பார்ப்பார்கள். எம்எல்எஸ்எஸ் 3000 இருக்கும்போது 300 மில்லி படிந்தால் குறியீடு (ஒரு கிராம் கசடு பிடிக்கும் மில்லி அளவு) 100, கவலையில்லை. 150-ஐத் தாண்டினால் கசடைப் படியவிடாத இழைப் பாக்டீரியா பெருகியிருக்கலாம். ஜாரை வெயில்படும் ஜன்னலில் வைத்தால் ஒரு பக்கம் சூடேறி, நீர் சுழன்று, அளவு பொய்யாகும். குறித்ததும் ஜாரைக் கழுவி வைத்துவிடுவது வழக்கம். அப்படியே இரண்டு மணி நேரம் விடுங்கள். படிந்த கசடு கட்டியாக மேலே மிதந்து வந்தால் குச்சியால் கிண்டிப் பாருங்கள். குமிழி விட்டு மறுபடி மூழ்கினால் அது, ஆக்சிஜன் தீர்ந்ததும் நைட்ரேட்டிலிருந்து கிளம்பிய நைட்ரஜன் வாயு தூக்கிய கசடு. இழைப் பெருக்கம் என்று பயந்து குளோரின் போட வேண்டாம். கிளாரிஃபையர் என்னும் படிவுத் தொட்டியில் கசடு தேங்காதபடி, அதை ஏரேஷன் டேங்குக்குத் திருப்பும் ரிட்டர்ன் பம்பின் ஓட்டத்தைக் கூட்டுங்கள்.