மச்சான்ர உடும்புக் குஞ்சுகள்

கனடாவில இருக்கிற என்ர மச்சான் மூண்டு உடும்புக் குஞ்சு வளக்கிறான், எங்கட ஒட்டுசுட்டான் காட்டு உடும்பில்லை, ஆக்கி எண்டு அவுஸ்திரேலியாச் சாதி, வால் முழுக்க முள்ளு, வளந்தாலும் ரெண்டடி சொச்சம்தான். இங்க நாங்கள் உடும்பைப் பிடிச்சு வச்சிருந்தா வனசீவராசிக்காரர் வந்து நிப்பினம், 1937ஆம் ஆண்டுச் சட்டம்.

ஏன்டா மூண்டு எண்டு கேட்டன். குஞ்சில ஆணோ பெண்ணோ எண்டு பிடிபடாதாம், ஒண்டா விட்டு வளத்தா ஒரு சோடியாவது தேறாதா எண்ட நப்பாசை.

நேற்று வீடியோ கோல்ல காட்டினவன். பெரிசு லைற்றுக்குக் கீழ, 60 பாகை சுடுற கல்லில, ஊர்த் தலைவர் மாதிரி நீட்டி நிமிந்து கிடக்கு, மற்ற ரெண்டும் மரப்பட்டைக்குக் கீழ. சின்னனுக்கு வால் நுனி இல்லை! சாப்பாட்டுச் சண்டையாம். இப்ப தனித்தனியா வச்சுத் தீத்துறான், கறித் தராசில நிறுக்கிறான்.

முட்டையிட ஆழமான ஈரமண் வேணுமடா, எங்கட உடும்பு கறையான் புத்துக்குள்ளயும் இடும், அங்க சூடும் ஈரமும் கணக்கா இருக்கும் எண்டு சொன்னன். உடன ஒரு மூட்டை மண் வாங்கிக் கொட்டிப்போட்டான்.

மாமிக்கு இன்னும் ஒண்டும் தெரியாது.