கோரோடே மலைக்கு மேலே ஒரு ஜெபவீடு

ஆப்பிரிக்காவின் மலாவி நாட்டு வடபகுதிச் சபைகளைச் சந்திக்க வேண்டும் என்பது தலைநகர் லிலோங்வேயில் எங்கள் ஜெப ஐக்கியத்தாரின் நெடுநாள் விருப்பம். சோள அறுவடை முடிந்து மண்சாலைகள் காய்ந்த பிறகு மினிபஸ்ஸில் புறப்பட்டோம். வடக்கு நகரமான முசூசு வரை 350 கிலோமீட்டருக்கு மேல் தார்ச்சாலை, வழிநெடுகப் போலீஸ் சாவடிகள். வேறு சொல்ல ஒன்றுமில்லை.

மலாவி ஏரிக்கரைச் சித்திம்பாவில் மினிபஸ்ஸை நிறுத்திவிட்டு, மட்டோலா என்று அங்கே சொல்லும் பிக்கப்பின் பின்தட்டில் ஏறிக்கொண்டோம். கோரோடே மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். சிலவற்றில் வண்டி ஒரே வீச்சில் திரும்பாது. பின்னால் எடுத்து மறுபடி ஏற வேண்டும். அப்படிப் பின்வாங்கும்போது சக்கரத்துக்கும் பள்ளத்துக்கும் நடுவே ஒரு முழம் மண். 121-ஆம் சங்கீதம் தானாகவே எல்லார் வாயிலும் வந்தது.

மேலே லிவிங்ஸ்டோனியா என்ற மிஷன் ஊர். 1875-இல் ஏரியின் தென்கோடியில் தொடங்கிய ஸ்காட்லாந்து மிஷன், மலேரியாவுக்குப் பலரைப் பறிகொடுத்து ஏரிக்கரையிலேயே இருக்கும் பண்டாவேக்கு நகர்ந்து, 1894-இல் டாக்டர் ராபர்ட் லாஸ் தலைமையில் இந்த மேட்டுநிலத்துக்கு வந்து சேர்ந்தது. ஆலயத்தின் வண்ணக் கண்ணாடியில், ஊருக்குப் பெயர் தந்த மிஷனெரிப் பயணி டேவிட் லிவிங்ஸ்டன் நிற்கிறார். எல்லாரும் படம் எடுத்துத் தீர்த்தார்கள். எனக்கென்னவோ, மறுநாள் போன ஜெபவீடுதான் மனதில் நிற்கிறது.

அங்கே ஒரே போதகரின் பொறுப்பில் பல ஜெபவீடுகள். ஞாயிறுதோறும் ஆராதனையை மூப்பர்களே நடத்திவிடுகிறார்கள். ஞானஸ்நானமும் திருவிருந்தும் மட்டும் போதகர் வரும் நாளுக்குக் காத்திருக்கும். நாங்கள் அவரோடு போனதால் அன்று திருவிருந்து ஞாயிறு. செங்கல் சுவர், புல்கூரை, மண்ணாலேயே எழுப்பிய இருக்கைகள். இசைக்கருவி எதுவும் இல்லை. உமன்யானோ மாதர் சங்கத்து மூதாட்டி ஒருவர் முதலடி எடுக்க, ஆண்கள் கீழ்க்குரலில் சேர்ந்துகொள்ள, அவர்களுடைய தும்புகா மொழிப் பாட்டு கூரையைத் தூக்கியது. டொனால்டு ஃப்ரேசர் போன்ற மிஷனெரிகள் அன்றே இப்பகுதியின் ங்கோனி இன மக்களின் சொந்த மெட்டுகளில் பாட்டுக் கட்டத் தூண்டினார்கள். அந்த நல்ல புத்தி எல்லா ஊர் மிஷனெரிகளுக்கும் வாய்த்துவிடவில்லை.

காணிக்கை நேரத்தில் குவாச்சா நோட்டுகளோடு சோளம் நிறைந்த பேசின்களும் தலைமேல் ஆடியபடி வந்தன. ஒரு பாட்டி இடுப்பில் சுற்றிய சிட்டெஞ்சே துணியின் முனை முடிச்சை அவிழ்த்து இரண்டு முட்டைகளை மேசைமேல் வைத்தார். ஒன்று உருண்டது. பக்கத்தில் நின்ற மூப்பர் பாட்டை நிறுத்தாமலே அதைப் பிடித்து, பேசினில் இருந்த சோளத்துக்குள் பதித்துவைத்தார். பாட்டி அதைப் பார்த்துத் தலையசைத்த பிறகுதான் இடத்துக்குத் திரும்பினார்.

அப்பமும் பாத்திரமும் சுற்றி வந்து முடிய நண்பகல் தாண்டிவிட்டது. ன்சிமா என்ற சோளக்களியும் அவரைப் பயறும் பரிமாறி, கூடவே ஒரு சேவலையும் நீட்டினார்கள். மறுக்கக் கூடாது என்று போதகர் கண்ணாலேயே சொன்னார். இரு கைகளாலும் வாங்கி "யெவோ" (நன்றி) என்றேன். அதற்குள் மூப்பரின் போன் அடித்தது: அடுத்த ஜெபவீட்டார் காலையிலிருந்து காத்திருக்கிறார்களாம், போதகர் வருகிறாரா இல்லையா? சேவலின் காலைக் கட்டி வண்டியில் ஏற்றினோம்.