படகு வருவதற்கு முன்பே எழுதப்பட வேண்டிய பெயர்கள்

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தபோது, இனி பயமில்லை என்றுதான் எங்கள் பகுதியில் பலரும் எண்ணினார்கள். ஆனால் புயல் நகராமல் நின்று கொட்டிய மழையும், டிசம்பர் 2 அதிகாலையில் சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கும் மேலாகத் திறந்துவிடப்பட்ட நீரும் சேர்ந்து, தென்பெண்ணைக் கரையோர ஊர்கள் பலவற்றை வெள்ளக்காடாக்கின. நான் வீடு வீடாகச் சென்று சிகிச்சை அளிக்கும் இயன்முறை மருத்துவர். அந்த ஊர்களில் எந்தத் தெருவில், எந்த வீட்டில், எழுந்து நடக்க இயலாதவர் இருக்கிறார் என்பது எனக்குத் தெரியும். மீட்கப் போனவர்களுக்குத் தெரியாது. அவர்களுக்கு ஏன் தெரியவில்லை என்ற கேள்வி அன்றிலிருந்து என்னை விடவில்லை.

தென்னை மரத்திலிருந்து விழுந்து முதுகுத்தண்டில் அடிபட்டு, இடுப்புக்குக் கீழே உணர்வும் அசைவும் இழந்த ஒருவர் என்னிடம் நெடுநாளாகச் சிகிச்சை பெற்று வருகிறார். வீட்டுக்குள் முழங்காலளவு தண்ணீர் புகுந்த பிறகுதான் அவரிடம் படகு வந்து சேர்ந்தது. அவரைத் தூக்கிய இளைஞர்கள் சக்கர நாற்காலியைக் கண்டதும், "அண்ணே, வண்டியெல்லாம் வேணாம், எடம் பத்தாது, ஆள மட்டும் ஏத்திக்கிறோம்" என்றார்கள். இரவெல்லாம் கண்விழித்து ஊராருக்காக உழைத்த பிள்ளைகள் அவர்கள். அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. படகில் சாமான் ஏற்றக்கூடாது என்று சொல்லிக் கொடுத்தவர்கள், சக்கர நாற்காலி சாமான் அல்ல என்பதைச் சொல்லிக் கொடுக்கவில்லை. நாற்காலியும், அதன்மேல் கிடந்த காற்றடைத்த இருக்கை மெத்தையும் வீட்டிலேயே தங்கிவிட்டன.

முகாம் ஒரு பள்ளிக்கூடம். சிமெண்டுத் தரையில் ஒற்றைப் போர்வையை விரித்து அவரைப் படுக்க வைத்திருந்தார்கள். உணர்வற்ற உடம்புக்கு வலி தெரியாது. ஒரே இடத்தில் சில மணி நேரம் அழுத்தம் விழுந்தாலே அங்கு இரத்த ஓட்டம் தடைபட்டுத் தசை சாகத் தொடங்கிவிடும். அதனால்தான் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இப்படிப்பட்டவர்களைப் புரட்டிப் படுக்க வைக்கச் சொல்கிறோம். வீட்டில் அதைத் தவறாமல் செய்துவந்த மனைவி, நூறு பேர் பார்க்கும் இடத்தில் கணவரின் உடுப்பை விலக்கி, சிறுநீர்க்குழாயைச் சரிசெய்து, அவரைத் திருப்பிப் படுக்க வைக்கக் கூசிப்போனார். ஒரு பழைய சேலையை மறைப்பாகக் கட்டிக் கொடுத்திருந்தால்கூட அந்தக் கூச்சம் தீர்ந்திருக்கும். நான் போய்ப் பார்த்தபோது, வால் எலும்புக்கு மேலே உள்ளங்கை அகலத்துக்குத் தோல் கறுத்திருந்தது. அந்தப் படுக்கைப்புண் ஆறுவதற்குப் பல மாதங்கள் ஆயின. நிவாரணக் கணக்கில் அவர் பத்திரமாக மீட்கப்பட்டவர்.

அதே முகாமில் காது கேளாத பெண் ஒருவர் இருந்தார். ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி விடுத்த எச்சரிக்கை அவரை எட்டவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் ஓடிவந்து கையைப் பிடித்து இழுத்த பிறகே அவருக்கு விஷயம் புரிந்திருக்கிறது. சாப்பாட்டுக்குக் கூப்பிடும் குரலும் அவருக்குக் கேட்கவில்லை. ஊன்றுகோலோடு நடக்கும் இன்னொரு பெண், கழிப்பறைக்குச் செல்லும் வழியில் படிகளும் வழுக்கும் சேறும் இருந்ததால், தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டதாக என்னிடம் மெல்லச் சொன்னார். பேரிடர் முகாம்களில் பணியாற்றிய பெண்கள் பலருக்கு இந்தச் செய்தி புதிதாக இருக்காது.

நம் நாட்டில் இதற்குச் சட்டம் இல்லாமல் இல்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016, தன் 8-ஆம் பிரிவில், பேரிடர்க் காலத்தில் மாற்றுத்திறனாளிகளுக்குப் பிறரோடு சமமான பாதுகாப்பு உண்டு என்று சொல்வதோடு நின்றுவிடவில்லை. மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையம் அந்த மாவட்டத்தில் வாழும் மாற்றுத்திறனாளிகளின் விவரங்களைப் பதிவேட்டில் பேண வேண்டும் என்றும், ஆபத்து நேரும்போது அவர்களுக்குத் தகவல் சென்று சேர உரிய ஏற்பாடுகளைச் செய்ய வேண்டும் என்றும் கடமையைப் பெயர் சுட்டியே விதித்திருக்கிறது. பேரிடருக்குப் பின் நடக்கும் மறுகட்டுமானப் பணிகளில் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரைக் கலந்தாலோசிக்க வேண்டும் என்பதும் அதே பிரிவில் உண்டு. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2019-இல் இதற்கெனத் தனி வழிகாட்டு நெறிமுறைகளையும் வெளியிட்டது.

பதிவேட்டுக்குத் தேவையான விவரங்கள் அரசிடம் ஏற்கெனவே இருக்கின்றன. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஏறத்தாழ 11.8 லட்சம் மாற்றுத்திறனாளிகள் வாழ்கிறார்கள். அவர்களுள் கடுமையான பாதிப்புடையோருக்கு மாதந்தோறும் பராமரிப்பு உதவித்தொகை வங்கிக் கணக்குக்குச் செல்கிறது. படுக்கையில் கிடப்பவர்களின் வீடுகளுக்கு, 2021-இல் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் தன்னார்வலர்கள் மருந்து கொண்டு செல்கிறார்கள். மாதந்தோறும் உதவித்தொகையும் மாத்திரையும் போய்ச் சேரும் ஒருவரின் வீட்டுக்கு, வெள்ளம் வரும் நாளில் முதல் படகு வழி தெரியாமல் நிற்பதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. விவரம் ஒரு துறையிடமும் படகு இன்னொரு துறையிடமும் இருப்பதுதான் சிக்கல். பருவமழைக்கு முந்தைய ஆயத்தக் கூட்டங்களில் மணல் மூட்டைகள், மர அறுவை இயந்திரங்கள், ஜெனரேட்டர்கள், தாழ்வான பகுதிகள் எல்லாம் எண்ணி எழுதப்படுகின்றன. அந்தத் தாழ்வான பகுதியில் யாரைத் தூக்கிவர வேண்டும் என்பதை எழுதிய தாளை, நான் கலந்துகொண்ட கூட்டங்களில் கண்டதில்லை.

ஜப்பான் இந்தப் பாடத்தைப் பெருவிலை கொடுத்துக் கற்றது. 2011 மார்ச் 11 நிலநடுக்கத்திலும் ஆழிப்பேரலையிலும், பாதிக்கப்பட்ட ஊர்களின் மொத்த மக்களோடு ஒப்பிடுகையில் மாற்றுத்திறனாளிகளின் இறப்பு விகிதம் ஏறத்தாழ இருமடங்காக இருந்தது. அங்கும் பட்டியல்கள் இல்லாமலில்லை. தனிநபர் விவரங்களை வெளியிடக்கூடாது என்ற விதியைக் காட்டிப் பெரும்பாலான உள்ளாட்சிகள், உதவ வந்த மாற்றுத்திறனாளி அமைப்புகளிடம்கூட அவற்றைத் தரத் தயங்கின. ஃபுகுஷிமா மாகாணத்தின் மினாமிசோமா நகரம் துணிந்து தந்தது. அதன் பயனாக வீடுகளில் ஒதுங்கிக் கிடந்தவர்களை நேரில் போய்ப் பார்க்க முடிந்தது. 2013-இல் ஜப்பான் தன் பேரிடர்ச் சட்டத்தைத் திருத்தி, தாமாக வெளியேற இயலாதோரின் பெயர்ப்பட்டியலை உள்ளாட்சிகள் கட்டாயம் தயாரிக்க வேண்டும் என்றது. பட்டியல் மட்டும் போதாது என்று பின்னர் உணர்ந்து, 2021-இல் மீண்டும் திருத்தி, ஒவ்வொருவருக்கும் தனி வெளியேற்றத் திட்டம் வகுக்க முயல வேண்டும் என்ற பொறுப்பையும் சேர்த்தது. யார் வருவார், எதில் ஏற்றுவார், எங்கே கொண்டு சேர்ப்பார் என்பவை அதில் இருக்கும். ஓய்ட்டா மாகாணத்தின் பெப்பு நகரில், அன்றாடம் பராமரிப்புச் சேவையை ஏற்பாடு செய்யும் பணியாளரும் அக்கம்பக்கத்தாரும் மாற்றுத்திறனாளியோடு சேர்ந்து உட்கார்ந்து திட்டம் எழுதி, அதை ஒத்திகையும் பார்க்கிறார்கள். இத்தனை தூரம் வந்த நாடுகள் குறைவு. ஐக்கிய நாடுகளின் பேரிடர் அபாயக் குறைப்பு அலுவலகம் நடத்திய உலகளாவிய ஆய்வில், தமக்கெனத் தயார்நிலைத் திட்டம் எதுவும் இல்லை என்று சொன்ன மாற்றுத்திறனாளிகள் 2013-இல் 71 விழுக்காடு. 2023-இல் 84 விழுக்காடு.

பட்டியலைப் பற்றிப் பேசும்போது ஓர் அச்சத்தையும் மறைக்காமல் சொல்லியாக வேண்டும். மனநலப் பாதிப்புள்ள மகளின் நிலை தெருவுக்குத் தெரிந்துவிடக் கூடாது என்று நினைக்கும் தாயை எனக்குத் தெரியும். தனியாக வாழும் பார்வையற்ற பெண் ஒருவர், தம் பெயரும் வீட்டு அடையாளமும் யார் யார் கைக்குப் போகும் என்று கேட்டார். இரண்டுமே நியாயமான கேள்விகள். அவர்களின் ஒப்புதலைப் பெற்று, யாரிடம் தரலாம் என்பதை அவர்களே சொல்லும்படி விட்டு, நோயின் பெயரை எழுதாமல் தேவையை மட்டும் எழுதினால் போதும். "இருவர் தூக்க வேண்டும், நாற்காலியும் வர வேண்டும்" என்ற ஒரு வரி படகில் வருபவருக்குப் போதுமானது. மருத்துவச் சான்றிதழ் அவருக்குத் தேவையில்லை.

இந்த ஆண்டு மழைக்கு முன்பாக, நான் செல்லும் ஊர் ஒன்றில் ஊராட்சித் தலைவரும், மகளிர் குழுவினரும், மருந்து கொண்டுவரும் தன்னார்வலரும் கூடி அப்படியொரு தாளை எழுதினார்கள். ஒவ்வொரு பெயருக்கும் நேரே இரண்டு அண்டை வீட்டாரின் பெயர்கள்; ஒருவர் ஊரில் இல்லாவிட்டால் மற்றவர். வலிப்பு மாத்திரை சாப்பிடுபவருக்கு இரண்டு வார இருப்பு, ஞெகிழிப் பையில் சுற்றி, அடையாள அட்டையின் நகலோடு. தாள் எழுதி முடிந்ததும், முதுகுத்தண்டு பாதிப்புள்ள இன்னொருவரின் வீட்டில் தூக்கிப் பார்த்தார்கள். இளைஞர்கள் அக்குளில் கைகொடுத்து இழுக்கப் போனபோது அவர் தடுத்து, ஒருவர் பின்னாலிருந்து மார்போடு அணைத்துப் பிடிக்க வேண்டும், மற்றவர் தொடைகளுக்கு அடியில் கைகொடுக்க வேண்டும், சிறுநீர்ப்பையை இடுப்புக்கு மேலே உயர்த்தக்கூடாது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். வாசலுக்கு வந்தபோது, நாற்காலியை மடக்காமல் நிலைக்கதவு வழியே கொண்டுவர முடியாது என்பது தெரிந்தது. மடக்கும் பிடியோ துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. அன்றே எண்ணெய் விட்டுத் தளர்த்தினார்கள்.

இன்னும் தீராதவை இருக்கின்றன. மின்சாரத்தில் ஓடும் ஆக்சிஜன் செறிவூட்டியில் இருக்கும் மூதாட்டியை மின்சாரம் நின்றுபோகும் பள்ளிக்குக் கொண்டுபோவதில் பயனில்லை. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தின் ஜெனரேட்டர் எத்தனை மணி நேரம் ஓடும், வெள்ள நேரத்தில் அங்கே அவருக்கு ஒரு படுக்கை ஒதுக்குவார்களா என்று எழுத்துமூலம் கேட்டிருக்கிறோம். முகாமாகும் பள்ளியில் ஒரு கழிப்பறைக்காவது சாய்தளமும் கைப்பிடியும் வைக்க ஊராட்சி நிதியில் இடமிருக்கிறதா என்று தலைவர் பார்த்துக்கொண்டிருக்கிறார். உங்கள் ஊரில் இப்படியொரு தாள் எழுத விரும்பினால், முதலில் அந்தப் பட்டியலில் இடம்பெறப் போகிறவர்களின் வீட்டுக்குப் போய், அவர்களைக் கேட்டு எழுதுங்கள்.