வடகத்தோடு காய்ந்த மைக்கேல் ஜாக்சன்

போன சனிக்கிழமை மத்தியானம் எங்கள் மொட்டை மாடியில் கூழ் வடகம் ஒரு வேட்டி நிறைய, மோர் மிளகாய் ஒரு முறம், மைக்கேல் ஜாக்சன் ஒன்று, எல்லாம் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. வடகமும் மிளகாயும் நன்றாகக் காய்ந்தன.

அம்மாவை நான் குறை சொல்லவில்லை. சொன்னால் எடுபடாது என்பது வேறு விஷயம்.

அன்றைக்கு மே 16. எங்கள் வீட்டுச் சுவரில் தொங்குகிற தினசரி காலண்டரில் ராகு காலம், எமகண்டம், கரிநாள் எல்லாம் இருக்கும். அதில் இல்லாதவற்றுக்கு நான் இருக்கிறேன். காலையில் இட்லியோடு சட்னி வருகிற மாதிரி என்னிடமிருந்து ஒரு தகவல் வரும். "இன்னிக்கு யாருக்குத் திதி?" என்று கேட்டுக்கொண்டேதான் மனைவி சாம்பாரை ஊற்றுவாள். பிப்ரவரி 9 என்றால், 1964-ல் பீட்டில்ஸ் என்கிற இங்கிலாந்துப் பாட்டுக் குழு முதன்முதலாக அமெரிக்க டிவியில் நேரடியாகப் பாடிய நாள், 7 கோடியே 30 லட்சம் பேர் பார்த்தார்கள் என்பேன். "அது என்ன கிழமை?" என்றாள். ஞாயிறு ராத்திரி என்றேன். "அதான். மறுநாளைக்கு மாவு அரைக்கிற வேலை இல்லாத ஊரு" என்று போய்விட்டாள்.

திதி என்று கேலி செய்கிறாளே தவிர, 2023-ல் உண்மையாகவே அப்படி அமைந்தது. அமெரிக்கப் பாடகர் எல்விஸ் பிரெஸ்லி இறந்தது 1977 ஆகஸ்ட் 16. அந்த வருடம் ஆடி அமாவாசை சரியாக ஆகஸ்ட் 16-ல் வந்து விழுந்தது. அம்மா காக்கைக்கு வைத்த சோற்றில் அவருக்கும் ஒரு கவளம் போயிருக்கும் என்பது என் நம்பிக்கை. வாழைக்காய் பொரியல் பிடித்ததோ என்னவோ, காக்காய் இரண்டாவது தடவையும் வந்தது.

இந்த ஏப்ரல் 6-ம் தேதியும் வழக்கம்போலத் தொடங்கினேன். 1974-ல் இதே நாளில் இங்கிலாந்தில் பிரைட்டன் என்கிற கடற்கரை ஊரில் நடந்த யூரோவிஷன் பாட்டுப் போட்டியில் அப்பா குழு ஜெயித்தது என்றேன். (பாடகர்கள் அப்பா. என் அப்பா இல்லை. வருடா வருடம் இந்தக் குழப்பம் வருகிறது.) "74-ஆ? அந்த வருஷம் வைகாசியிலதான்..." என்று அம்மா ஏதோ ஆரம்பித்தாள். நான் குறுக்கே புகுந்து, அவர்கள் நாலு பேரும் சுவீடன்காரர்கள், ஆனால் பாடியது இங்கிலீஷில் என்று விளக்கத் தொடங்கினேன். இட்லி ஆறிவிட்டது. அம்மாவும் எழுந்து போய்விட்டாள்.

மே 16-க்கு வருகிறேன். 1983-ல் அன்றைக்குத்தான் மைக்கேல் ஜாக்சன் 'பில்லி ஜீன்' பாட்டுக்கு நடுவே ஒரு சில நொடி பின்னோக்கி வழுக்கிக்கொண்டு போனதை அமெரிக்கா டிவியில் பார்த்தது. மூன்வாக். ஆனால் நிகழ்ச்சியை மேடையில் நடத்திப் படம் பிடித்தது மார்ச் 25-ம் தேதி, அமெரிக்காவின் பாசடீனா ஊரில். இதில் எதைக் கொண்டாடுவது என்று எனக்கு வருடா வருடம் தர்மசங்கடம். பிறந்த தேதியா, ஜென்ம நட்சத்திரமா என்கிற அதே பிரச்சினைதான். நம் வீடுகளில் இதற்கு ஏற்கெனவே தீர்வு உண்டு. இரண்டுக்கும் பாயசம். ஆகவே மார்ச்சில் ஒருமுறை, மே மாதம் ஒருமுறை அந்தப் பாட்டு இருக்கிற 'திரில்லர்' எல்.பி. இசைத்தட்டை எடுத்து ஓட்டுவேன்.

என்னிடம் இருப்பது இந்தியாவிலேயே அச்சான தட்டு. மூர் மார்க்கெட் பக்கம் வாங்கினேன். வீட்டில் சொன்ன விலை 300 ரூபாய். உண்மையான விலையைச் சொல்ல மாட்டேன். வீட்டில் யாரும் நான் எழுதுவதைப் படிப்பதில்லை, ஆனால் மூன்றாம் நம்பர் வீட்டு மாமா படிக்கிறார்.

உண்மையில் நான் தேடுவது அதுவே இல்லை. 1960 வாக்கிலேயே இங்கிலாந்து நிமிடத்துக்கு 78 சுற்று ஓடுகிற பழைய தட்டுகளை மூட்டை கட்டிவிட்டது. இங்கே கரண்ட் இல்லாத ஊர்களில் சாவி கொடுத்துச் சுற்றுகிற கிராமபோன்கள் இன்னும் உயிரோடு இருந்ததால், கல்கத்தா டம்டம் தொழிற்சாலையில் பீட்டில்ஸ் பாட்டுகளையும் 78-ல், அந்தக் காலத்து அரக்குத் தட்டில் அச்சடித்தார்கள். லிவர்பூல் பையன்கள் பாடியதைக் கைப்பிடியைச் சுற்றிவிட்டுக் கேட்டிருக்கிறார்கள் நம் ஆட்கள்! இன்று அந்தத் தட்டுக்காக வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் தவம் கிடக்கிறார்கள். நானும் இந்தப் பக்கத்துப் பழைய பேப்பர் கடைக்காரர்கள் எல்லோரிடமும் போன் நம்பர் கொடுத்துவைத்திருக்கிறேன். ஒருவர் மட்டும் விடாமல் கூப்பிடுவார். "சார், நீங்க கேட்ட அந்த இங்கிலீஷ் ரெக்கார்டு வந்திருக்கு" என்பார். ஆட்டோ பிடித்து ஓடுவேன். எம்.எஸ். அம்மாவின் சுப்ரபாதம் இருக்கும். இப்படியாக என்னிடம் நான்கு சுப்ரபாதம் சேர்ந்துவிட்டது. நான்கிலும் கீறல் வேறு வேறு இடத்தில். நான்கையும் மாற்றி மாற்றிப் போட்டால் பெருமாளை முழுசாக எழுப்பிவிடலாம்.

சரி. மெட்ராஸில் ரெக்கார்டு வைத்திருப்பவர்களுக்குப் பூஞ்சை தெரியும். ஐப்பசி மழையில் தொற்றியது சித்திரை வரை தட்டில் வெள்ளை வெள்ளையாகப் பூத்துக்கொண்டிருக்கும். ஆகவே சனிக்கிழமை காலை திரில்லருக்கு அபிஷேகம். பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டரைப் பெட்ரோல் பங்கிலிருந்து வாங்கி, அதில் பாத்திரம் தேய்க்கிற திரவம் இரண்டு சொட்டு விட்டு, நடுவில் இருக்கிற லேபிள் நனையாமல் ஊறுகாய் பாட்டில் மூடியால் பொத்திப் பிடித்துக்கொண்டு, மெத்தென்ற பிரஷ்ஷால் சுற்றிச் சுற்றித் துடைக்க வேண்டும். என் மகளைக் குளிப்பாட்டியபோதுகூட நான் இவ்வளவு பதனமாக இருந்ததில்லை என்று மனைவி சொல்வாள். அது பொய். மகளை நான் குளிப்பாட்டியதே இல்லை.

கழுவிய தட்டைப் பாத்திரம் கவிழ்க்கிற கூடையில், இரண்டு எவர்சில்வர் தட்டுகளுக்கு நடுவே செங்குத்தாக நிறுத்திவிட்டு முடி வெட்டிக்கொள்ளப் போனேன். சனிக்கிழமைக் கூட்டம். திரும்பி வர இரண்டரை ஆகிவிட்டது. கூடையில் எவர்சில்வர் தட்டு மட்டும் இருந்தது.

"அம்மா, இங்க ஒரு ரெக்கார்டு..."

"ஈரமா இருந்துச்சுடா. நல்லாக் காயட்டும்னு மாடியில வச்சேன்."

அக்னி நட்சத்திரம். மத்தியானம் இரண்டரை. இந்தத் தட்டு வினைல் பிளாஸ்டிக், 60 டிகிரியைத் தாண்டினாலே இளக ஆரம்பிக்கும். அதுவும் கறுப்புப் பொருள், சூட்டை விழுங்கி வைத்துக்கொள்ளும். செருப்பைப் போடத் தோன்றாமல் மாடிக்கு ஓடினேன். மூன்வாக் பின்பக்கம் மட்டும் போகிற நடை. அந்தத் தரையில் நான் ஆடியது எல்லாத் திசையிலும் போயிற்று. பக்கத்து மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரம்மா நின்று பார்த்தார்.

பாப் இசை வரலாற்றில் மொட்டை மாடிக்கு ஏற்கெனவே ஓர் இடம் உண்டு. 1969 ஜனவரி 30, லண்டன் சாவில் ரோ, பீட்டில்ஸ் தங்கள் அலுவலக மாடியில் ஏறிப் பாடி, சத்தம் தாங்காமல் போலீஸ் வந்தது. அதற்கு அப்புறம் இதுதான்.

அப்பளம் எண்ணெயில் விழுந்ததும் ஓரத்தைச் சுருட்டிக்கொண்டு நடுவில் உப்புமே, அந்தப் பதத்தில் இருந்தது திரில்லர். வடகத்துக்கு நடுவில், ஒரு செங்கல் மேல் சாய்த்து வைத்திருந்தாள்.

"அம்மா, இதை எதுக்கு வடகத்துக்கு நடுவுல வச்ச?"

"கறுப்பா பளபளன்னு இருந்துச்சா, காக்கா வராதேன்னு வச்சேன். ஒண்ணுகூட வரல, பாரு."

உண்மைதான். ஒன்றுகூட வரவில்லை. வருடா வருடம் கறுப்புக் குடையை விரித்துவைத்தும் வந்து கொத்துகிற காக்கைகள். இதற்கு முன் இந்த ஆல்பத்தைப் பற்றி இந்த வீட்டில் யாரும் ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை.

அப்புறம் வைத்தியம். இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே வைத்து, மெல்லச் சூடுபடுத்தி, பாரம் ஏற்றி ஆறவிட வேண்டும் என்பது சேகரிப்பாளர்கள் சொல்கிற முறை. பரணில் கிடந்த பழைய ஷோகேஸ் கண்ணாடிகள் கிடைத்தன. பாரத்துக்கு அம்மிக்கல்லை நானும் மகளும் உருட்டிக்கொண்டு வந்தோம். "தோசைக்கல்லைக் காயவச்சு மேல ஒரு அழுத்து அழுத்தினா?" என்றாள் மனைவி. அயர்ன் பண்ணலாமே என்றாள் மகள். பிரச்சினை என்று வந்துவிட்டால் எங்கள் வீட்டில் எல்லோரும் ஒன்று கூடிவிடுவார்கள். அதற்குள் ஊர்க்கிணற்றில் மாடு விழுந்த மாதிரி மூன்றாம் நம்பர் மாமாவும் வந்து, பனியனோடு நின்று யோசனை சொன்னார். அவர் சொன்னதை எழுத முடியாது. அதில் பிரஷர் குக்கர் வருகிறது.

ராத்திரி முழுக்க அம்மிக்கு அடியில் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் எடுத்தால் முக்கால்வாசி நிமிர்ந்திருந்தது. ஒரு பக்கம் மட்டும், படுத்திருப்பவன் வயிறு மாதிரி, லேசாக ஏறி இறங்கியது. பிளேயரில் போட்டேன். இரண்டாம் பக்கம். அதில் முதல் பாட்டு 'பீட் இட்', அடுத்தது 'பில்லி ஜீன்'. ஊசியை நேராக இரண்டாவது பாட்டில் வைத்தேன். அந்த டிரம், அந்த பாஸ். நாலு சுற்று எப்படியோ ஏறி இறங்கிவிட்டது. ஐந்தாவது சுற்றிலும் மேடு வந்தது. ஊசி எகிறி, வழுக்கி, பின்னால் வந்து பீட் இட்டில் உட்கார்ந்தது. மறுபடி எடுத்து வைத்தேன். மறுபடி பின்னால் வந்தது. முன்னால் போகிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு பின்னால் போவதுதானே மூன்வாக். ஊசி அதைச் சுத்தமாகச் செய்தது. அதுவும் ஒரு நாள் தாமதமாக.

மகள் சோபாவிலிருந்து உருண்டு விழுந்து சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. விலை எனக்கு மட்டும்தானே தெரியும்.

அம்மா கை துடைத்துக்கொண்டே வந்து பிளேயர் பக்கத்தில் நின்றாள். கொஞ்ச நேரம் அந்த ஊசியின் ஏற்ற இறக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்க கல்யாணத்துலயும் இப்படித்தான் ஆச்சு" என்றாள்.

"எது?"

"மைக் செட்காரன் தட்டு. அதுவும் வெயில்ல கிடந்து நெளிஞ்சுபோச்சு. என்னைய மணவறைக்குக் கூட்டிட்டு வர்ற நேரம் பார்த்து 'வாராயென் தோழி வாராயோ' போட்டான். அது வாராயோல மாட்டிக்கிட்டு வாராயோ வாராயோன்னே கத்துது. நான் வாசப்படியில நிக்கிறேன். மாப்பிள்ளை வீட்டுல ஒரு கிழவி, 'எத்தனை தடவைதான் கூப்பிடுறது, வாயேம்மா'ங்குது. ஒரே சிரிப்பு. எனக்கு அழுகையே வந்துருச்சு."

"அப்புறம்?"

"உங்க அப்பா மணையை விட்டு எழுந்துட்டாரு. ஐயர் உட்காருங்க உட்காருங்கன்னு கத்துறாரு. காதுலயே வாங்கல. மாலையோட நடந்து போயி, யார்கிட்டயோ நாலணா வாங்கி அந்த ஊசிக்கு மேல வச்சாரு. பாட்டு ஓட ஆரம்பிச்சுது. அப்பதான் திரும்பி என்னையப் பார்த்தாரு. நானும் அப்பதான் அவரு முகத்தை முதல் தடவையா நேராப் பார்த்தேன்."

அந்தப் பாட்டு 'பாசமலர்' படத்தில் வந்தது. 1961. எல்.ஆர். ஈஸ்வரியைத் தமிழ்நாட்டுக்குத் தெரியவைத்த பாட்டு, அதற்கு அப்புறம் அது இல்லாமல் கல்யாணப் பந்தல் இல்லை. இதையெல்லாம் நான் தேதியோடு சொல்வேன். நாலணா கதையை இப்போதுதான் கேட்கிறேன்.

"எந்த வருஷம்மா அது?"

"அதான் அன்னிக்கே சொன்னேனே. 74. வைகாசி."

தேதி கேட்டேன். "வைகாசியில ஒரு வெள்ளிக்கிழமை. தேதியெல்லாம் யாருக்கு ஞாபகம், அவருதான் நோட்டுல எழுதி வச்சிருப்பாரு" என்று சொல்லிக்கொண்டே அலமாரியில் சில்லறை டப்பாவைத் துழாவி ஒரு ரூபாயை எடுத்தாள். என்ன செய்யப்போகிறாள் என்று புரிவதற்குள் பிளேயர் பக்கம் குனிந்துவிட்டாள். என் ஊசிக்கு 2 கிராம் அழுத்தத்துக்கு மேல் ஆகாது. அதை அளக்கவே தனியாக ஒரு குட்டித் தராசு வாங்கி வைத்திருக்கிறேன். ஒரு ரூபாய் ஏறக்குறைய 4 கிராம். பள்ளத்தை உழுதுவிடும். "அம்மா, வேண்டாம்..." என்று வாய் வரை வந்தது.

வைத்துவிட்டாள். மேடு வந்தது. ஊசி ஏறியது, இறங்கியது, எகிறவில்லை. பில்லி ஜீன் ஓடியது. மேடு வருகிற போதெல்லாம் குரல் கொஞ்சம் இழுத்தது, குளத்தங்கரைக்கு அந்தப் பக்கம் பந்தலில் கட்டின குழாயிலிருந்து காற்றோடு வருகிற மாதிரி. அம்மா சுவரில் சாய்ந்து நின்று கடைசி வரை கேட்டாள்.

"இவன் பாவம், விக்கி விக்கிப் பாடுறானே. தண்ணி குடிச்சிட்டுப் பாடக் கூடாதா?" என்றாள். அது நெளிந்த தட்டினால் இல்லை, அவர் பாடுகிற விதமே அப்படித்தான் என்று நான் சொல்லவில்லை.

பாட்டு முடிந்தது. வாசலில் கீரைக்காரம்மா குரல் கேட்டது. அம்மா ஊசி மேலிருந்த ரூபாயை எடுத்து, மிச்சச் சில்லறையோடு சேர்த்துக்கொண்டு வெளியே போனாள். ஊசி எகிறிப் பின்னால் போய் மறுபடி பில்லி ஜீனில் உட்கார்ந்தது.