தனுஷ்கோடித் தேவாலயம்: டிசம்பர் நாட்குறிப்பு

2024 டிசம்பர் 21, சனி

முகுந்தராயர் சத்திரத்தைத் தாண்டியதும் இருபுறமும் கடல் சாலையை நெருங்கிவிடுகிறது. 2017-இல் இந்தச் சாலை திறக்கப்படும் வரை தனுஷ்கோடிக்கு மணல்வழியே வேனில்தான் வர வேண்டும். இப்போது கூட்டம் அதிகம். பெரும்பாலோர் தேவாலயத்தின் முன் நின்று படம் எடுத்துக்கொண்டு அரிச்சல்முனைக்குக் கிளம்பிவிடுகிறார்கள்.

கூரை இல்லை, பீடம் இருந்த பகுதியும் சில சுவர்களும் எஞ்சியிருக்கின்றன. காரை உதிர்ந்த ஓரிடத்தில் குனிந்து பார்த்தேன். செங்கல்லை எதிர்பார்த்த இடத்தில், கடலிலிருந்து வெட்டியெடுத்த பவளக்கல் தெரிந்தது: வளைந்து வளைந்து ஓடும் வரிகள், அவற்றினூடே ஊசி நுழையுமளவு துளைகள், இடுக்குகளில் சுண்ணாம்புச் சாந்து. விரல் பட்டதும் சாந்து பொடியாகக் கொட்டியது. அதே சுவரில் யாரோ தங்கள் பெயர்களைக் கீறி வைத்திருக்கிறார்கள். மக்கள் மண்டியிட்டு வேண்டிய இடம் இது என்று தெரிந்திருந்தால் அவர்களுக்குக் கை வந்திருக்குமா?

2024 டிசம்பர் 22, ஞாயிறு

தங்கச்சிமடத்தில் காலைத் திருப்பலி. இன்று, கிறிஸ்துமஸுக்கு ஆயத்தமாகும் திருவருகைக் காலத்தின் நான்காம் ஞாயிறு. 1964-இல் அந்த ஞாயிறு டிசம்பர் 20-ஆம் தேதி வந்தது; அதற்கடுத்த செவ்வாய் நள்ளிரவில்தான் தனுஷ்கோடியை அழித்த புயல். வீடுகளில் குடில் கட்டும் வேலை தொடங்கியிருக்கும். பிள்ளைகளுக்குப் புதுத்துணி எடுத்திருப்பார்கள்.

அந்தமான் கடலில் உருவாகி இலங்கையைக் கடந்து வந்த அந்தப் புயல், இலங்கையின் தலைமன்னாருக்குக் கப்பல் புறப்பட்ட துறையையும், போட் மெயில் வந்து நின்ற ரயில் நிலையத்தையும், சுங்க அலுவலகம், அஞ்சலகம், பள்ளிக்கூடம், குடியிருப்புகள் எல்லாவற்றையும் ஒரே இரவில் அழித்தது. பாம்பனிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்டோருடன் வந்துகொண்டிருந்த ரயில் ஊரை நெருங்கும் வேளையில் அலையில் மூழ்கியது. 1914-இல் திறக்கப்பட்ட பாம்பன் பாலமும் சிதைந்ததால் தீவுக்கு ரயில் வழி அற்றுப்போயிற்று. பின்னர் பாலத்தைச் சீரமைத்தார்கள். தனுஷ்கோடியையோ மக்கள் வாழத் தகுதியற்ற இடமென்று அரசு அறிவித்தது. அதனால் இந்தத் தேவாலயத்தை எடுத்துக் கட்ட ஊரென்று ஒன்று இல்லாமல் போயிற்று. வேறு எத்தனையோ கடலோரக் கோயில்கள் இடிந்திருக்கின்றன, மீண்டும் எழுந்திருக்கின்றன. இங்கே கட்டடத்தோடு சபையும் கலைந்தது என்பதைத்தான் என்னால் ஆற்றிக்கொள்ள முடியவில்லை.

2024 டிசம்பர் 23, திங்கள்

நேற்றுத் திருப்பலி முடிந்து சந்தித்த பெரியவரின் வீட்டுக்கு இன்று போனேன். சிறுவயதில் அந்தத் தேவாலயத்தில்தான் ஞானோபதேசம் என்னும் மறைக்கல்வி படித்தாராம். பீடத்துக்குக் கீழே பாயில் உட்காருவோம், சாளரம் திறந்திருந்தால் உபதேசியார் குரல் அலைச்சத்தத்தில் கேட்காது என்றார். கிறிஸ்துமஸுக்காகப் பாம்பனில் பாட்டி வீட்டுக்கு முன்கூட்டியே அனுப்பியிருந்ததால் அவர் பிழைத்தார்.

சுவரைப் பாதுகாப்பது பற்றிக் கேட்டேன். வேலி போடட்டும், ஆனால் புதுக் காரை பூச வேண்டாம் என்றார். எனக்கும் அதுவே சரியென்று படுகிறது. அவருடைய ஆசை வேறு. “தம்பி, கடலோட போனவங்கள்ல பாதிப் பேருக்குக் கல்லறை கிடையாது. அந்தப் பங்குல இருந்தவங்க பேரையாவது எழுதி வைங்க” என்றார். தெருவாரியாக நினைவுகூர்ந்து அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன். சில குடும்பங்களில் குழந்தைகளின் பெயர் அவருக்கு நினைவில் இல்லை. பாம்பனில் இருக்கும் அவருடைய அக்காவுக்குத் தெரியுமாம். நாளை அங்கே போகிறேன்.